ஆகட்டும், மைனா

நவம்பர் 9, ஞாயிறு

லீவு முடிந்து இன்று டூட்டிக்கு வந்தேன். தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து. மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும், போகாமல் இருக்க முடியுமா? ஒரு வாரம்தான் போனேன். அதற்கே மகாராணிக்குக் கோபம்.

மகாராணி என்றால் மைனா. எங்கள் மாவட்டப் போலீஸ் நாய்ப் பிரிவின் டாபர்மேன், திருடனை மோப்பம் பிடிக்கிறவள். குட்டியாக என் கைக்கு வந்தாள், இப்போது ஏழு வயது. நான் கேட்டுக்குள் நுழைந்தாலே கூண்டுக் கம்பியில் முன்காலைத் தூக்கி வைத்து ஊரைக் கூட்டுவாள். இன்று மூக்கை மட்டும் தூக்கினாள். வாலை லேசாக ஆட்டினாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டாள். உட்காரச் சொல்லிக் கை காட்டினேன், நின்றாள். படுக்கச் சொல்லிக் காட்டினேன், அதற்கும் நின்றாள்.

எங்களுக்கு எல்லாமே கைச்சாடைதான். வாய் விட்டுக் கட்டளை போடுகிறவனைப் பயிற்சிப் பள்ளியில் ஓர் ஆளாகவே மதிக்க மாட்டார்கள்.

வெடிகுண்டு நாய் பிரின்ஸை வைத்திருக்கும் தேவசகாயம் அண்ணாச்சிதான் நான் இல்லாதபோது இவளையும் பார்த்துக்கொண்டார். "நேத்துலேர்ந்தே ஒரு மாதிரிதான் இருக்கா, ஆவுடை. ஒன்னைத் தேடுதா. நீ கொஞ்சிக்கிட்டு நிக்காத. பிணங்குத நாய்கிட்டப் பேசுனா தலையில ஏறிக்கிடும். வாயை மூடிக்கிட்டு கையை மட்டும் காட்டு, தன்னால வருவா" என்றார்.

பள்ளியிலும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பேசாமல் இருந்து பார்ப்போம்.

நவம்பர் 10, திங்கள்

பேசவில்லை. அவளும் சளைத்தவளில்லை.

நவம்பர் 12, புதன்

காலையில் மழை. பூட்ஸுக்குள் தண்ணீர் போய்விட்டது, செய்தித்தாளைத் திணித்து வைத்திருக்கிறேன். குடியரசு தின அணிவகுப்பில் மைனா கலெக்டருக்கு சல்யூட் வைக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் மேடம் சொல்லிவிட்டுப் போனார். எனக்கே வைக்க மாட்டேன் என்கிறாள், கலெக்டருக்கா வைக்கப் போகிறாள்?

தண்ணீரை வாளி வாளியாகக் குடிக்கிறாள். கூண்டுக்குள்ளேயே மூத்திரம் போய்விட்டாள், குட்டியாக இருந்தபோதுகூட அப்படிச் செய்ததில்லை. சோற்றைப் போட்டால் தட்டையும் தின்றுவிடுவாள் போல இருக்கிறது. காதுகுத்துக் கறி தின்றது நான், பசி இவளுக்கு.

மற்றவர் கையால் ஒரு பருக்கை தொட மாட்டாள். விஷம் வைத்துவிடுவார்கள் என்று அப்படிப் பழக்குவது எங்கள் வழக்கம். தட்டை வைத்துவிட்டு நான் "ஆகட்டும்" என்று சொன்னால்தான் வாய் வைப்பாள். தேவசகாயம் அண்ணாச்சி குரலுக்கு அவளைப் பழக்குவதற்குள் ஒரு மழைக்காலமே ஓடிவிட்டது. இந்த நாட்களில் அந்த ஒரு சொல்லைத் தவிர நான் அவளிடம் எதுவும் பேசவில்லை.

சாயங்காலம் மைதானத்தில் தண்ணீர் டிரம்மில் போய் இடித்துக்கொண்டாள். வேண்டுமென்றே செய்கிறாள். சிணுங்கினாள். நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மத்தியானம் மழை விட்டு நல்ல வெயில். மைதானத்தில் அவளை அவிழ்த்துவிட்டு, எதிரே போய் நின்று, வா என்று கை காட்டினேன். நேராக வந்தாள். வந்தவள் என்னைத் தாண்டிப் போனாள். தரையை மோந்துகொண்டே வட்டமடித்துத் திரும்பி வந்து என் பூட்ஸைக் கண்டுபிடித்தாள். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையைச் சொருகிக்கொண்டு நின்றாள். உடம்பெல்லாம் நடுங்கியது.

"என்னட்டி? என்னட்டி செய்யுது?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், என் மேல் ஏறி விழுந்து கத்தினாள். என் வாயை, மூக்கை, காதை எல்லாம் நக்கினாள். நாய் அழுமா என்று யாராவது கேட்டால் இனி நான் சொல்வேன்.

உச்சி வெயிலில் அவள் கண்மணி கறுப்பாக அகலமாக விரிந்து கிடந்தது. கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டினேன். இமைக்கவில்லை.

பாவி, அவள் இருட்டுக்குள் நிற்கும்போது நான் அவளிடம் பேசாமல் இருந்திருக்கிறேன்.

நவம்பர் 15, சனி

கால்நடை மருத்துவமனை. டாக்டர் நஸ்ரின் டார்ச் அடித்துப் பார்த்தார். பஞ்சுத் துணுக்கைக் கண் முன்னால் விட்டுப் பார்த்தார். புரையும் இல்லை, காயமும் இல்லை, கண் பளிங்காக இருக்கிறதாம்.

"பின்னே ஏன் மேடம் தெரியல?"

"கண்ணுக்குள்ள பின்பக்கம் விழித்திரைனு ஒரு படலம் இருக்கு. வெளிச்சத்தை வாங்குறது அதுதான். ஒடம்புல நோயை எதிர்க்கிற சக்தி இருக்குல்ல, அது சில நேரம் ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டு சொந்தப் படலத்தையே எதிரினு அடிச்சிடும். சில நாய்க்கு ஒருசில நாள்லயே பார்வை போயிடும். அதிகமா தண்ணி குடிக்கிறது, பசி, இதெல்லாம்கூட சேர்ந்து வர்றது உண்டு."

"ரோந்து போன நம்ம ஆளே நம்ம வீட்டுக் கதவை ஒடச்ச மாதிரியா?"

"அப்படித்தான் வச்சுக்குங்க."

கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது கேட்டேன், அஞ்சு நாள் முன்னாடியே கொண்டுவந்திருந்தால் என்று. தெரியாது என்றார்.

நவம்பர் 18, செவ்வாய்

லீவு போட்டு, வாடகை வண்டி பிடித்து, கல்லூரிக்குக் கொண்டுபோனேன். கண்ணின் மேல் ஒரு சின்ன வில்லையை வைத்து, இருட்டு அறையில் விட்டு விட்டு வெளிச்சம் அடித்தார்கள். வெளிச்சம் படும்போது கண்ணில் மின்சாரம் உண்டாகுமாம். அதைக் கோடாக வரைந்து காட்டும் எந்திரம். நல்ல கண் என்றால் மலை மாதிரி ஏறி இறங்கும். மைனாவுக்குக் கோடு லேசாக நெளிந்தது.

நெளிகிறது! செத்துப்போகவில்லை! நோய் எதிர்ப்பை அடக்கும் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். நிறைய மூத்திரம் போகும், மூச்சு வாங்கும், இன்னும் பசிக்கும் என்றார்கள். இருக்கட்டும். சிலதுக்கு நிழல் அளவுக்காவது பார்வை திரும்புமாம், சிலதுக்குத் திரும்பாதாம். இவளுக்குத் திரும்பும்.

வண்டியில் வழி முழுவதும் பேசிக்கொண்டே வந்தேன். பாலம் வருது, லாரி வருது, மயில் நிக்குது என்று. டிரைவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

நவம்பர் 20, வியாழன்

மேடத்திடம் கண்ணில் புண், மருந்து போடுகிறோம் என்று சொன்னேன். அண்ணாச்சிக்கு மட்டும் உண்மை தெரியும். "மறைக்காதவே. கண்ணு தெரியாத நாயின்னா ரிட்டயர் பண்ணிருவாங்கதான். அதுக்காவ?" என்றார். சொல்வது எளிது. அவர் பிரின்ஸ் நன்றாக இருக்கிறது.

ரிட்டயர் ஆன நாயை ஏதாவது காப்பகத்துக்கு அனுப்புவார்கள். ஆள் கேட்டால் ஆளுக்குக் கொடுப்பார்கள். நான் கேட்பேன். ஆனால் அதற்கெல்லாம் அவசியம் வராது.

நவம்பர் 27, வியாழன்

இன்று ஜன்னல் வெயில் பக்கம் முகத்தைத் திருப்பினாள். நான் பார்த்தேன். வெயிலின் சூட்டுக்குத் திரும்பியிருப்பாள் என்கிறார் அண்ணாச்சி. அவருக்கு என்ன தெரியும்?

பஞ்சை விட்டுப் பார்த்தேன். அது ரொம்ப மெதுவாக விழுகிறது, யார்தான் பார்ப்பார்கள்?

டிசம்பர் 6, சனி

பாத்திரக் கடையில் திருட்டு. மைனாவைக் கொண்டுவா என்று உத்தரவு. மறுக்க வழியில்லை.

கல்லாப் பெட்டியை மோந்தாள். வாரை இழுத்துக்கொண்டு கிளம்பினாள் பாருங்கள், ஏழு வயதாம், கண் தெரியாதாம்! மூக்கு தரையோடு. நான் பின்னாலேயே ஓடிக்கொண்டு, "எடது... நில்லு... படி இருக்கு... ம், போ" என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு கரண்டு கம்பத்தில் மட்டும் தோள் உரசியது. பஸ் ஸ்டாண்டு பின்பக்கம் முட்புதருக்குள் சாக்குமூட்டையைக் கண்டுபிடித்துவிட்டாள். கூட்டம் கைதட்டியது. சத்தத்துக்குப் பயந்து என் கால்களுக்கு நடுவில் ஒடுங்கிவிட்டாள்.

மேடம் என் முதுகில் தட்டினார். "என்ன ஆவுடை, இன்னைக்கு நாய்கூட ஓயாமப் பேசிக்கிட்டே வந்தீங்க?" என்று கேட்டார். தொண்டை கட்டியிருக்கு மேடம், சரிபண்ணிப் பார்த்தேன் என்று ஏதோ உளறினேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

மறுபடியும் கல்லூரி. கோடு நேராகப் போனது. எந்திரம் கெட்டிருக்கிறதா என்று கேட்டேன். இன்னொரு நாயை வைத்துக் காட்டினார்கள். அதற்கு ஏறி இறங்கியது.

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வலி இல்லையாம். மூக்கையும் காதையும் வைத்துக்கொண்டு நன்றாக வாழுமாம். திடீரென்று தொட மட்டும் கூடாதாம், பேர் சொல்லிவிட்டுத் தொட வேண்டுமாம்.

திரும்பும் வழியில் நான் ஒன்றும் சொல்லவில்லை. பாதி வழியில் மூக்கால் என் முழங்கையை இடித்தாள். பாலம் வருதுட்டி என்றேன்.

டிசம்பர் 18, வியாழன்

கூண்டுகளுக்கு வெள்ளையடிக்கிறார்கள். சுண்ணாம்பு நெடி அவள் மூக்குக்கு ஆகாது என்று வீட்டுக்குக் கூட்டிவந்தேன். ரிட்டயர் ஆனாலும் இங்கேதானே இருக்கப் போகிறாள், பழகட்டும் என்று நினைத்தேன். என் மனைவி பகவதி முன்கட்டில் சாக்கு விரித்துக் கொடுத்தாள். மகள் செண்பா ஸ்கூலிலிருந்து வந்தாள். மைனா தூங்கிக்கொண்டிருந்தாள்.

சின்னக் கீறல்தான். நகம் பட்டிருக்கலாம்.

டிசம்பர் 19, வெள்ளி

செண்பாவுக்கு அரையாண்டுக் கணக்குப் பரீட்சை. எழுதப் போகவில்லை. வலது கை.

டிசம்பர் 20, சனி

நாய்க்கடிக்கு இரண்டாவது ஊசி. தையல் போட்ட இடத்தில் சீழ் வைக்கவில்லை, பிரிக்கும்போது வடு தெரியும் என்றார்கள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளை என்னிடம் சொல்கிறது, "அப்பா, மைனாவை அடிக்காதீங்கப்பா. தப்பு எம்மேலதான். நான் கூப்பிடாமத் தொட்டுட்டேன்."

பகவதி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து சொன்னாள். "எனக்கு அது மேல என்னங்க கோவம்? ஊருக்கு வார சொந்தக்காரவுக என்னைப் பாக்க வாராகளோ இல்லியோ, மைனாவைப் பாக்க வருவாக. ஆனா நீங்க டூட்டிக்குப் போன பொறவு அது யார் பேச்சைக் கேக்கும்? எம்பேச்சைக் கேக்குமா, இவ பேச்சைக் கேக்குமா? நீங்களே சொல்லுங்க."

பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினேன்.

டிசம்பர் 22, திங்கள்

மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "ஒரு மாசமா மறைச்சிருக்கீங்க. பஸ் ஸ்டாண்டுல அது லாரியில அடிபட்டிருந்தா, ஆவுடை? நீங்க அடிபட்டிருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு காப்பகம், வயதான போலீஸ் நாய்களை எடுத்துக்கொள்வார்களாம். நல்ல இடமாம். எனக்கு மார்ச்சில் புதுக் குட்டி வருமாம். நான் சல்யூட் வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 5, திங்கள்

காப்பகத்து வண்டி வந்தது. ராஜாமணி என்று ஒரு தம்பி, முகத்தைப் பார்த்தால் நல்ல பையன். சாக்கு, வார், அலுமினியத் தட்டு எல்லாவற்றையும் ஏற்றினோம். என் பழைய பனியனையும் வைத்தேன்.

மைனா ஏற மாட்டேன் என்றாள். ராஜாமணி கூப்பிட்டான், அண்ணாச்சி கூப்பிட்டார். கடைசியில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "ஏறுட்டி" என்றேன். ஏறிவிட்டாள். நான் சொன்னதால் ஏறினாள்.

அண்ணாச்சி என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். டீ ஆறிப்போனது, வேறு டீ வாங்கித் தந்தார், அதுவும் ஆறிப்போனது.

ஜனவரி 7, புதன்

ராஜாமணி போன். "அண்ணா, வந்ததுலிருந்து ஒரு வாய் சாப்பிடலைங்கண்ணா. கறி வச்சுப் பாத்துட்டேன், முட்டை வச்சுப் பாத்துட்டேன். எச்சி ஒழுகுது, ஆனா வாய் வைக்க மாட்டேங்குது."

அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்துத்தானே அனுப்பினேன் என்றேன். சொல்லிப் பார்த்துவிட்டானாம். நான் சொல்ல வேண்டுமாம். ஸ்பீக்கரில் போட்டு அவள் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது, அது அவள் மூச்சுதான், எனக்குத் தெரியும்.

"ஆகட்டும், மைனா."

தட்டு தரையில் உருண்ட சத்தம்! அப்படித் தின்றாள்! நான் ஸ்டேஷன் வாசலில் நின்று சிரித்ததைப் பார்த்து, புகார் கொடுக்க வந்த ஓர் ஆச்சி என்னை விட்டு விலகிப் போனாள்.

ஜனவரி 11, ஞாயிறு

காலையிலும் சாயங்காலமும் போன். அவள் தின்னத் தின்ன நான் பேசுகிறேன். இங்கே மழை இல்லை, பிரின்ஸ் உன் கூண்டுக்குப் போய்ப் படுக்குது, செண்பாவுக்குத் தையல் பிரித்தாயிற்று, கையெழுத்துதான் கொஞ்சம் கோணல். பகவதியும் ஒரு நாள் வாங்கி, "நல்லா சாப்பிடுட்டி" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். நல்ல நாளும் அதுவுமாக ராஜாமணி இழுத்து இழுத்துப் பேசினான்.

"கோவிச்சுக்காதீங்கண்ணா. நீங்க பேசி முடிச்சதும் அது ஒங்களைத் தேடுதுங்க. சத்தம் வந்த எடத்தைத் தேடி நேரா ஓடுது. செவுரு இருக்குறது தெரியறதில்ல. முட்டுது, எந்திரிக்குது, மறுபடி முட்டுது. முந்தாநேத்து மூக்குல ரத்தம் வந்துருச்சு. நீங்க மனசு சங்கடப்படுவீங்கன்னுதான் சொல்லலைங்க."

"கட்டிப் போடலாம்லா?"

"கட்டிப் போட்டா கழுத்து அறுந்துருமாட்ட இழுக்குதுங்கண்ணா. எங்குரலுக்குப் பழகிட்டா அமைதியாயிடும். அதுக்கு நீங்க பேசாம இருக்கணுங்கண்ணா."

பொங்கல் பொங்கியபோது நான் வீட்டில் இல்லை. மைதானத்தில் போய் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 17, சனி

பேசவில்லை. அவள் சாப்பிடவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

தண்ணீர் மட்டும் குடித்தாளாம். போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். பகவதி போனை வாங்கித் தன் இடுப்பில் சொருகிக்கொண்டாள். கோபத்தில் கையை ஓங்கிவிட்டேன். அவள் நகரவில்லை. "சாவுதாட்டி அங்க!" என்று கத்தினேன். "இல்லங்க, பழகுதா" என்றாள்.

ஜனவரி 19, திங்கள்

காலையில் ராஜாமணி கூப்பிட்டான். அவன் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"அண்ணா, லைன்லயே இருங்க. பேசிறாதீங்க. நான் இப்ப சோறு வைக்கப் போறேன்."

தட்டு வைக்கும் சத்தம். பிறகு அவன் தன் ஊர் இழுவையில் "ஆகட்டும்ங்க, மைனா" என்றான். நாய்க்கும் ங்க போடுகிறான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் சொன்னான். எங்கேயோ காக்கை கத்தியது. அவள் மூச்சு கேட்டது, கூர்ந்து கவனிக்கும்போது வரும் மூச்சு. எனக்கு அது நன்றாகத் தெரியும், மூக்கைத் தூக்கி, காதை விறைத்து, வேறொரு குரல் வருகிறதா என்று பார்க்கிறாள். ஒரு சொல் போதும். நாக்கு நுனியில் நிற்கிறது. நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டேன்.

ராஜாமணி மூன்றாவது முறை சொன்னான்.

அலுமினியத்தில் நாக்கு படும் சத்தம். முதலில் ஒரு முறை. நின்றது. பிறகு விடாமல், கடைசிப் பருக்கை வரைக்கும், தட்டு நகர்ந்து நகர்ந்து சுவரில் போய் மோதும் வரைக்கும்.

பகவதி பக்கத்தில் வந்து நின்றாள், செண்பாவும். மைனா சாப்பிட்டு முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவள் யாரையும் தேடி ஓடாமல், சாக்கில் படுத்த சத்தத்தையும் கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.